சிவப்புத் தும்பிக்கு இசை தந்தவர்

அச்சாபீஸில் உதைபட்ட சிறுவன் ஜப்பானின் முதல் சிம்பனியை எழுதினான்!

ஜப்பான் நாட்டில் சின்னஞ்சிறு பாட்டு ஒன்று இருக்கிறது. அதைப் பாடி முடிக்க இரண்டு, மூன்று நிமிடம் போதும். "சிவப்புத் தும்பி" என்பது அதன் பெயர். ஜப்பானிய மொழியில் "அக்காதோம்போ" என்பார்கள்.

அந்தப் பாட்டைப் பாட்டியும் பாடுவாள், பேத்தியும் பாடுவாள். சில ஊர்களில் மாலை நேரத்தில் ஒலிபெருக்கி வழியாக அந்த மெட்டு கேட்கும். தெருவில் விளையாடும் பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டும் என்பதற்கு அது அடையாளம்.

மக்கள் மனதில் நிற்கும் பாட்டு எது என்று ஜப்பானிய வானொலி நிறுவனமான என்.எச்.கே. 1989-ம் ஆண்டில் கேட்டுப் பார்த்தது. முதல் இடம் பெற்றது "சிவப்புத் தும்பி"தான்.

அந்தப் பாட்டுக்கு மெட்டு அமைத்தவர் கோசாகு யமடா.

ஜப்பானியர் எழுதிய முதல் சிம்பனி இவருடையது. சிம்பனி என்பது பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் பெரிய இசைக் கோவை. பிடில், செல்லோ, குழல், எக்காளம், முரசு என்று ஐம்பது, அறுபது பேர் உட்கார்ந்து வாசிப்பார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் ஒருவர் நிற்பார். அவர் கையில் சிறு கோல் இருக்கும். யார் எப்போது தொடங்க வேண்டும், எப்போது ஓங்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்பதை அந்தக் கோல்தான் சொல்லும். அப்படிக் கோல் பிடித்துக் குழுவை நடத்துவதிலும் யமடா புகழ் பெற்றவர்.

அவர் வாழ்க்கையில் வெற்றிக்குப் பின் தோல்வி, தோல்விக்குப் பின் வெற்றி என்று மாறி மாறி வந்தன.

தந்தையின் விருப்பம்

யமடா 1886-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி டோக்கியோ நகரில் பிறந்தார். ஜப்பான் தன் கதவுகளை மேல்நாட்டுக்குத் திறந்துவிட்ட காலம் அது. ரெயில் வந்தது. தபால் வந்தது. சட்டை, தொப்பி வந்தன. மேல்நாட்டு சங்கீதமும் வந்தது. யமடா பிறந்த மறு ஆண்டில்தான் அரசாங்கம் டோக்கியோ இசைப் பள்ளியைத் தொடங்கியது.

யமடாவின் தந்தை கிறிஸ்தவ சமயத்தைச் சேர்ந்தவர். அதனால் தேவாலயப் பாட்டும் ஆர்மோனியம் போன்ற வாத்திய ஒலியும் பையனின் காதில் சின்ன வயதிலேயே விழுந்தன.

1896-ம் ஆண்டில் தந்தை காலமானார். அப்போது யமடாவுக்கு வயது 10.

பையன் உழைத்துப் படிக்க வேண்டும் என்பது தந்தையின் கடைசி விருப்பம். டோக்கியோவில் சுகாமோ என்ற பகுதியில் ஒரு விடுதி இருந்தது. ஏழைப் பிள்ளைகள் பகலில் அங்கே அச்சாபீஸில் வேலை செய்வார்கள். இரவில் படிப்பார்கள். அந்த விடுதியில் யமடா சேர்க்கப்பட்டார்.

முள்வேலி ஓரத்தில்

பத்து வயதுப் பையனுக்கு அச்சாபீஸ் வேலை எளிதா? வேலையில் தவறு நேர்ந்தால் பெரியவர்கள் திட்டுவார்கள். சிலர் காலால் உதைப்பதும் உண்டு.

அடிபட்டதும் சிறுவன் வெளியே ஓடுவான். அங்கே ஒரு வேலி இருந்தது. அது "கராதாச்சி" என்ற செடியால் ஆன வேலி. நாரத்தை, எலுமிச்சை இனத்தைச் சேர்ந்தது. செடி முழுவதும் நீண்ட முள். வசந்த காலத்தில் வெள்ளைப் பூ பூக்கும். பிறகு பொன் நிறத்தில் சிறு காய்கள் தொங்கும்.

அந்த வேலி ஓரம் நின்று சிறுவன் அழுவான். பசிக்கும்போது அந்தப் புளிப்புக் காயைத் தின்பான்.

யமடா பெரியவரான பிறகும் அந்த முள்ளையும் பூவையும் மறக்கவில்லை. தமது இளமைக் காலத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1951-ம் ஆண்டில் வெளிவந்தது. அழுத பையனுக்குத் துணையாக இருந்த வேலி பிற்காலத்தில் ஒரு புகழ் பெற்ற பாட்டாக மாறியது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

அக்காள் வீடு

13 வயது வரை விடுதி வாழ்க்கை. அதன் பிறகு யமடாவுக்கு அடைக்கலம் கொடுத்தவர் அவருடைய அக்காள் ட்சுனே.

ட்சுனே துணிச்சல் மிக்க பெண்மணி. 1898-ம் ஆண்டிலேயே எட்வர்டு காண்ட்லெட் என்ற ஆங்கில ஆசிரியரை மணந்தவர். ஜப்பானியப் பெண் வெள்ளைக்காரரைச் சட்டப்படி மணப்பது அந்தக் காலத்தில் மிக மிக அபூர்வம். பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும், மதுப்பழக்கம் ஒழிய வேண்டும், உலகில் சமாதானம் நிலவ வேண்டும் என்று பிற்காலத்தில் பாடுபட்டவர் அவர்.

காண்ட்லெட் ஒகயாமா நகரில் ஆங்கிலம் கற்பித்தார். அவர் ஆர்கன் வாசிப்பதில் வல்லவர். மைத்துனனுக்கு இசையில் இருந்த ஆர்வத்தை அவர் கண்டுகொண்டார். மேல்நாட்டு இசையின் அரிச்சுவடியைக் கற்றுக்கொடுத்தார்.

பிறகு யமடா கோபே நகரில் கன்சேய் காகுயின் என்ற பள்ளியில் படித்தார். 1904-ம் ஆண்டில் டோக்கியோ இசைப் பள்ளியில் சேர்ந்தார். அவருக்கு இசை எழுதக் கற்க வேண்டும் என்று ஆசை. ஆனால் அதற்கென்று தனி வகுப்பு அப்போது அங்கே இல்லை. ஆகவே வாய்ப்பாட்டு வகுப்பில் சேர்ந்து, 1908-ம் ஆண்டில் தேறினார்.

பெர்லின் பயணம்

இசை எழுதக் கற்க வேண்டுமானால் ஜெர்மனிக்குப் போக வேண்டும். போவதற்குப் பணம்?

மிட்சுபிஷி என்ற பெரிய தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர் கொயாட்டா இவசாகி. கோடீசுவரர். அவரே செல்லோ வாசிப்பார். இசைப் பள்ளியில் இருந்த ஜெர்மானிய ஆசிரியர் வெர்க்மைஸ்டர் மூலம் யமடாவின் திறமை அவருக்குத் தெரிந்தது. செலவை ஏற்றுக்கொண்டார்.

1910-ம் ஆண்டில் யமடா பெர்லினுக்குப் போனார். அங்கே அரசாங்க இசைக் கல்லூரியில் சேர்ந்தார். புகழ் பெற்ற இசை மேதை மாக்ஸ் புரூக் அங்கே இருந்தார். அச்சாபீஸில் உதைபட்ட பையன், 24-வது வயதில், உலகப் பெரும் இசை மேதைகளின் ஊரில் மாணவன் ஆனான்.

பெர்லினில் தினமும் கச்சேரி உண்டு. இசை நாடகமும் உண்டு. யமடா கேட்டார், படித்தார், எழுதினார்.

1912-ம் ஆண்டில் வாத்தியக் குழுவுக்காக ஒரு முன்னிசை எழுதினார். ஜப்பானியர் ஒருவர் முழு வாத்தியக் குழுவுக்கு எழுதிய முதல் இசை அது. அதே ஆண்டின் இறுதியில் சிம்பனி ஒன்றை எழுதி முடித்தார். "வெற்றி முழக்கமும் சமாதானமும்" என்று அதற்குப் பெயர்.

1913-ம் ஆண்டில் "இருண்ட கதவு" என்ற வாத்திய இசையை எழுதினார். ரொபூ மிகி என்ற கவிஞரின் கவிதை அதற்கு ஆதாரம். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சந்திப்போம்.

மேடையில் வெற்றி

யமடா ஊர் திரும்பும் வழியில் மாஸ்கோவில் தங்கினார். அங்கே ஸ்கிரியாபின் என்ற ரஷிய மேதையின் பியானோ இசையைக் கேட்டார். அது அவர் மனதை உலுக்கிவிட்டது. அதுவரை கற்ற ஜெர்மானிய முறை மட்டும் போதாது என்ற எண்ணம் பிறந்தது.

1914-ம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. மீண்டும் ஜெர்மனிக்குப் போக வழி இல்லை. யமடா டோக்கியோவிலேயே தங்கினார்.

அந்த ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி டோக்கியோ இம்பீரியல் தியேட்டரில் பெரிய கச்சேரி நடந்தது. யமடா கோல் பிடித்தார். அவர் எழுதிய சிம்பனி ஜப்பானிய மண்ணில் முதன்முதலாக ஒலித்தது.

இவசாகியின் பண உதவியால் 1915-ம் ஆண்டில் நிரந்தர வாத்தியக் குழு ஒன்று அமைந்தது. யமடா அதன் நடத்துனர். மாதந்தோறும் கச்சேரி நடந்தது.

முதல் அடி

ஆனால் ஓராண்டுகூட அது நிலைக்கவில்லை. யமடாவின் சொந்த வாழ்க்கையில் காதல் விவகாரம் ஒன்று கிளம்பியது. ஊரே பேசியது. இவசாகிக்கு அது பிடிக்கவில்லை. பண உதவியை நிறுத்தினார். குழு கலைந்தது.

யமடா தம் தவறால் தாமே இழந்த முதல் பெரிய வாய்ப்பு இது.

என்றாலும் அவர் சும்மா இருக்கவில்லை. பாகு இஷி என்ற நாட்டியக் கலைஞருடன் சேர்ந்து புதுமுறை நடனங்களுக்கு இசை எழுதினார். பிறகு கப்பல் ஏறி அமெரிக்கா சென்றார்.

நியூயார்க் நகரில் கார்னகி மண்டபம் என்ற பெரிய கச்சேரி மண்டபம் இருக்கிறது. 1918-ம் ஆண்டு அக்டோபரிலும், 1919-ம் ஆண்டு ஜனவரியிலும் யமடா அங்கே கச்சேரி நடத்தினார். அமெரிக்க வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். எதிரே நின்று கோல் பிடித்தவர் ஜப்பானியர். வாசித்த இசையில் அவர் எழுதியதும் இருந்தது.

ரஷிய வாத்தியக்காரர்கள்

ஊர் திரும்பிய யமடாவுக்கு ஒரே கனவு. ஜப்பானுக்குச் சொந்தமாக, நிலையான வாத்தியக் குழு வேண்டும்.

ரஷியப் புரட்சிக்குப் பிறகு, ரஷிய வாத்தியக்காரர்கள் பலர் மஞ்சூரியாவில் உள்ள ஹார்பின் நகரில் வாழ்ந்தார்கள். அவர்களில் 30 பேருக்கு மேல் யமடா ஜப்பானுக்கு வரவழைத்தார். ஜப்பானிய வாத்தியக்காரர்களையும் அவர்களுடன் சேர்த்தார். 1925-ம் ஆண்டு ஏப்ரலில் டோக்கியோ கபுகி நாடக அரங்கில் இரு நாட்டாரும் சேர்ந்து வாசித்தார்கள். பிறகு பிற நகரங்களிலும் கச்சேரி நடந்தது.

ஒரு முழு வாத்தியக் குழு எப்படி ஒலிக்கும் என்று ஜப்பானிய ரசிகர்கள் அப்போது நேரில் கண்டார்கள். அதே ஆண்டில்தான் ஜப்பானில் ரேடியோவும் தொடங்கியது. ரேடியோவுக்கு இசை வேண்டும். குழுவுக்கு வருமானம் வேண்டும். நல்ல நேரம் வந்துவிட்டது என்றே தோன்றியது.

நண்பர் பிரிந்தார்

இந்த வேலையில் யமடாவுடன் தோள் கொடுத்தவர் ஹிதேமாரோ கொனோயே. உயர்குடியில் பிறந்தவர். பின்னாளில் ஜப்பானின் பிரதம மந்திரியான கொனோயேயின் தம்பி. யமடாவிடம் இசைப் பாடம் கேட்டவர்.

இருவரும் சேர்ந்து அமைத்த குழு 1926-ம் ஆண்டு ஜனவரியில் கச்சேரிகளைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் தகராறு வெடித்தது. எல்லாம் பணக் கணக்கு பற்றிய தகராறு. வாத்தியக்காரர்களில் பெரும்பாலோர் கொனோயே பக்கம் போனார்கள். யமடாவின் பக்கம் நின்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கொனோயே பக்கம் போனவர்கள் புதுக் குழு அமைத்தார்கள். அந்தக் குழுதான் பிற்காலத்தில் என்.எச்.கே. சிம்பனிக் குழுவாக வளர்ந்தது. ஜப்பானின் தலைசிறந்த வாத்தியக் குழுக்களில் ஒன்று அது.

விதையை ஊன்றியவர்களில் யமடாவும் ஒருவர். ஆனால் மரம் வளர்ந்தபோது அதன் நிழல் அவருக்குக் கிடைக்கவில்லை.

கடன் தொல்லை ஒரு பக்கம். மனவேதனை ஒரு பக்கம். யமடா டோக்கியோவை விட்டு, சிகசாகி என்ற கடற்கரை ஊருக்குக் குடிபோனார். அப்போது அவருக்கு வயது 40.

கவிஞரும் தோழரும்

பெரிய குழுக்கள் கைவிட்டுப் போன அந்த ஆண்டுகளில்தான் யமடாவின் சிறிய பாட்டுகள் மலர்ந்தன.

அவருக்குக் கிடைத்த பெரிய துணை கவிஞர் ஹகுஷு கிடஹாரா. 1922-ம் ஆண்டிலேயே இருவரும் சேர்ந்து "கவிதையும் இசையும்" என்ற பத்திரிகையை நடத்தினார்கள். கவிதை தனி, மெட்டு தனி என்று இருக்கக்கூடாது என்பது அவர்கள் கொள்கை.

ஒரு நாள் யமடா தம் சிறு வயதுக் கதையைக் கவிஞரிடம் சொன்னார். அச்சாபீஸ், உதை, முள்வேலி, வெள்ளைப் பூ எல்லாவற்றையும் சொன்னார். கிடஹாரா அதைக் கவிதை ஆக்கினார். முள்ளும் பூவும் காயும் அதில் வருகின்றன. பூவின் பக்கத்தில் நின்று அழுத நினைவும் வருகிறது.

1925-ம் ஆண்டில் யமடா அதற்கு இசை அமைத்தார். "கராதாச்சிப் பூ" என்ற அந்தப் பாட்டு நாடெங்கும் பரவியது. அந்தப் பாட்டில் தாளம் ஒரே சீராகப் போகாது. மூன்று, இரண்டு என்று இடையிடையே மாறும். பேசுகிறவர் நின்று நின்று பழைய நினைவைச் சொல்வது போல் இருக்கும்.

இருவரும் சேர்ந்து வேடிக்கைப் பாட்டும் தந்தார்கள். ஒரு குடியானவன் வயலில் வேலை செய்கிறான். ஓடி வந்த முயல் மரக்கட்டையில் மோதிச் சாகிறது. உழைக்காமலே உணவு கிடைத்தது என்று அவனுக்கு மகிழ்ச்சி. மறுநாள் முதல் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, அடுத்த முயலுக்காகக் கட்டையின் பக்கத்தில் காத்திருக்கிறான். வயல் காடாகிறது. முயல் வரவில்லை. இது பழைய சீனக் கதை. இந்தப் பாட்டை ஜப்பானியப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பாடுவார்கள்.

பேச்சும் பாட்டும்

யமடாவின் பாட்டுகள் மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டது ஏன்? அதற்கு ஒரு காரணம் உண்டு.

ஜப்பானிய மொழியில் சொல்லின் ஏற்ற இறக்கம் முக்கியம். "ஹாஷி" என்று ஒரு சொல். டோக்கியோ பேச்சில் முதல் எழுத்தை உயர்த்திச் சொன்னால், சாப்பிடும் குச்சி என்று பொருள். இரண்டாம் எழுத்தை உயர்த்திச் சொன்னால், பாலம் என்று பொருள். "ஆமே" என்ற சொல்லும் அப்படியே. ஒரு விதமாகச் சொன்னால் மழை, மற்றொரு விதமாகச் சொன்னால் மிட்டாய்.

மேல்நாட்டு மெட்டில் ஜப்பானியச் சொல்லை அப்படியே போட்டால் என்ன ஆகும்? உயர வேண்டிய எழுத்து தாழும். தாழ வேண்டியது உயரும். மழை மிட்டாயாகிவிடும்! மேல்நாட்டு மெட்டுகளுக்குச் சொல் பொருத்தும் பழக்கம் அப்போது பள்ளிக்கூடங்களில் இருந்தது.

யமடா அதை மாற்றினார். பேச்சு எங்கே ஏறுகிறதோ அங்கே மெட்டும் ஏற வேண்டும். பேச்சு இறங்கினால் மெட்டும் இறங்க வேண்டும். ஓர் எழுத்துக்கு ஒரு ஸ்வரம். இதுதான் அவர் வகுத்த முறை. அதனால் அவருடைய பாட்டைக் கேட்கிறவருக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கும்.

"சிவப்புத் தும்பி" பாட்டிலும் இதைக் காணலாம். "அக்காதோம்போ" என்ற சொல்லின் முதல் எழுத்தை யமடா உயர்த்தி அமைத்தார். இன்றைய டோக்கியோ மக்கள் அந்த எழுத்தைத் தாழ்த்தியே பேசுகிறார்கள். யமடா தவறிவிட்டாரா? இல்லை. பழைய டோக்கியோ மக்கள் அப்படி உயர்த்தித்தான் பேசினார்கள் என்று மொழி அறிஞர்கள் விளக்குகிறார்கள். பேச்சு மாறிவிட்டது. பழைய பேச்சு பாட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது!

தும்பிப் பாட்டு

"இருண்ட கதவு" கவிதையை எழுதிய ரொபூ மிகியை நினைவிருக்கிறதா? தும்பிப் பாட்டை எழுதியவரும் அவரே.

மிகி சின்னஞ்சிறு பிள்ளையாக இருக்கும்போதே தாயும் தந்தையும் பிரிந்துவிட்டார்கள். தாய் வீட்டை விட்டுப் போய்விட்டாள். பிள்ளையை முதுகில் சுமந்து வளர்த்தது ஒரு வேலைக்காரச் சிறுமி.

மிகி வளர்ந்து கவிஞரானார். வடக்கே ஹொக்கைடோ தீவில் ஒரு கிறிஸ்தவ மடத்தில் ஆசிரியராக இருந்தார். 1921-ம் ஆண்டில் இந்தக் கவிதையை எழுதினார்.

அந்திச் செவ்வானம். அந்த ஒளியில் ஒரு சிவப்புத் தும்பி. அதைக் குழந்தை பார்க்கிறது. எங்கிருந்து? தன்னைச் சுமக்கும் பெண்ணின் முதுகில் இருந்து. அந்தப் பெண்ணுக்கு 15 வயதில் கல்யாணம் ஆகிறது. அவள் போய்விடுகிறாள். பிறகு ஊரிலிருந்து செய்தியும் வருவதில்லை. இப்போது பெரியவன் ஆகிவிட்ட அந்தப் பிள்ளை, ஒரு கம்பின் நுனியில் தும்பி உட்கார்ந்திருப்பதைக் காண்கிறான். கவிதை அவ்வளவுதான்.

1927-ம் ஆண்டில், சிகசாகியில் வாழ்ந்தபோது, யமடா இதற்கு மெட்டு அமைத்தார். கவிஞர் தாயைப் பிரிந்த பிள்ளை. இசை அமைத்தவர் தந்தையை இழந்த பிள்ளை. பாட்டில் புலம்பல் கிடையாது. மெட்டு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். அவ்வளவிலேயே கேட்பவர் கண் கலங்கிவிடும்.

பெயருக்கு முடி

யமடா வேடிக்கைப் பேர்வழியும்கூட. 1930-ம் ஆண்டில் அவர் தம் பெயரை எழுதும் முறையை மாற்றினார்.

"கோசாகு" என்ற பெயரை எழுதும் பழைய சித்திர எழுத்துக்கு "உழவு" என்று பொருள். அதே பெயரில் நாட்டில் பலர் இருந்தார்கள். அதனால் குழப்பம். தவிர, யமடாவின் தலையில் முடி கொட்டிவிட்டது. கச்சேரியில் அவர் முதுகைக் காட்டி நிற்பவர் ஆயிற்றே! பொய்முடி வைத்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னவர்களும் உண்டு.

யமடா தலையில் பொய்முடி வைக்கவில்லை. பெயருக்கு முடி வைத்தார்! பெயரின் இரண்டாவது எழுத்தின் மேல் மூங்கிலைக் குறிக்கும் அடையாளத்தைச் சேர்த்தார். அது பார்ப்பதற்கு "கே, கே" என்ற இரண்டு எழுத்துப் போல் இருக்கும். ஜப்பானிய மொழியில் "கே" என்றால் முடி! இந்தக் கதையை அவரே எழுதியிருக்கிறார்.

கறுப்புக் கப்பல்

யமடாவின் மற்றொரு ஆசை இசை நாடகம். ஜப்பானிய மொழியில், ஜப்பானியக் கதையில், மேல்நாட்டு முறைப்படி முழு நாடகத்தையும் பாட்டாலேயே நடத்த வேண்டும்.

"கறுப்புக் கப்பல்" என்ற நாடகத்துக்கு அவர் பல ஆண்டுகள் பாடுபட்டார். ஜப்பானுக்கு அமெரிக்கர்கள் வந்து இறங்கிய காலத்துக் கதை அது. ஷிமோடா துறைமுகத்தில் ஒகிச்சி என்ற பெண். அமெரிக்கத் தூதரைக் கொல்ல வேண்டும் என்று நாட்டுப்பற்றுள்ள வீரன் ஒருவன் துடிக்கிறான். இரு பக்கத்துக்கும் நடுவே அவள் தவிக்கிறாள். இந்த நாடகம் 1940-ம் ஆண்டு நவம்பரில் டோக்கியோவில் "விடியல்" என்ற பெயரில் மேடை ஏறியது.

இதற்கிடையே 1934-ம் ஆண்டில் புதுமை ஒன்றும் செய்தார். "நாகாஉட்டா" என்பது கபுகி நாடகத்தில் பாடப்படும் பழைய ஜப்பானிய சங்கீதம். அதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் பாடவிட்டு, கூடவே மேல்நாட்டு வாத்தியக் குழுவையும் இசைக்க வைத்தார். 1936-ம் ஆண்டில் பிரான்சு அரசாங்கம் அவருக்குக் கௌரவ விருது வழங்கியது.

போர்க் காலம்

அடுத்து வருவது யமடாவின் வாழ்க்கையில் நிழல் படிந்த பகுதி.

ஜப்பான் சீனாவுடன் போரிட்டது. பிறகு அமெரிக்காவுடனும் பிரிட்டனுடனும் போரிட்டது. அரசாங்கம் கலைஞர்களையும் போர்ப் பணிக்கு இழுத்தது. யமடா ஒதுங்கி நிற்கவில்லை. முன்வரிசையில் நின்றார். 1940-ம் ஆண்டில் விமானப் படை பற்றிய சினிமாவின் பாட்டுக்கு இசை அமைத்தார். போருக்கு ஆதரவாக இசைக் கலைஞர்களைத் திரட்டிய அணிக்குத் தலைமை வகித்தார். ராணுவ உடை போன்ற சீருடையும் அணிந்தார். 1944-ம் ஆண்டில் அரசாங்க ஆதரவு பெற்ற இசைச் சங்கத்தின் தலைவரும் ஆனார்.

1945-ம் ஆண்டு ஆகஸ்டில் ஜப்பான் சரண் அடைந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் கின்ஜி யமனே என்ற இசை விமர்சகர் பத்திரிகையில் யமடாவைக் கடுமையாகத் தாக்கினார். யமடா போர்க் குற்றவாளி என்பது அவர் குற்றச்சாட்டு. யமடா அதே பத்திரிகையில் பதில் எழுதினார். நாட்டுக்கு உதவியது குற்றம் என்றால், நாட்டு மக்கள் அனைவருமே குற்றவாளிகள் அல்லவா என்பது அவர் வாதம். குற்றம் சாட்டிய யமனேயும் போர்க் காலத்து இசைச் சங்கத்தில் இருந்தவர்தான்.

யமடா மீது விசாரணை எதுவும் நடக்கவில்லை. ஆனால் கேள்வி மட்டும் மறையவில்லை. தும்பிப் பாட்டைத் தந்த கை, படைகளை உசுப்பும் பாட்டையும் எழுதலாமா? யமடாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடிவதில்லை.

தீயில் வெந்த ஏடுகள்

போர் அவரையும் சும்மா விடவில்லை. 1945-ம் ஆண்டு மே மாதம் டோக்கியோவில் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. நகரம் பற்றி எரிந்தது. யமடா எழுதி வைத்திருந்த இசை ஏடுகளில் பெரும் பகுதி சாம்பலானது.

பாட்டு எரியாது. அச்சேறி ஊர் ஊராகப் பரவிவிட்டது. மக்கள் வாயிலும் இருக்கிறது. வாத்தியக் குழுவுக்கு எழுதிய பெரிய இசை அப்படி அல்ல. ஏட்டுக்கு ஒரு பிரதிதான் இருக்கும். அது எரிந்தால் இசையே போயிற்று.

1948-ம் ஆண்டில் யமடாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் செயல் இழந்தது. கோல் பிடித்து ஆடி அசைந்து குழுவை நடத்தியவருக்கு அது பேரிடி. என்றாலும் அவர் இசைப் பணியை விடவில்லை. 1956-ம் ஆண்டில் ஜப்பான் அரசாங்கம் அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த கலாசார விருதை அளித்தது.

ஒரே தேதி

தும்பிப் பாட்டை எழுதிய ரொபூ மிகி 1964-ம் ஆண்டில் சாலை விபத்தில் சிக்கினார். டிசம்பர் 29-ந் தேதி உயிர் துறந்தார்.

சரியாக ஓராண்டு ஆயிற்று. 1965-ம் ஆண்டு அதே டிசம்பர் 29-ந் தேதி கோசாகு யமடா காலமானார். அவருக்கு வயது 79.

பாட்டை எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ஒரே தேதியில் மறைந்ததை ஜப்பானிய மக்கள் இன்றும் வியப்போடு சொல்வார்கள்.

எது நின்றது?

யமடா எழுதிய இசை சுமார் 1,600. அவற்றில் கலைப் பாடல்கள் மட்டும் 700. பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் எழுதிய பாட்டுகள் தனி. தாம் படித்த கன்சேய் காகுயின் பள்ளிக்கும் 1933-ம் ஆண்டில் கிடஹாராவுடன் சேர்ந்து ஒரு பாட்டுத் தந்தார்.

அவர் முடிக்காமல் விட்ட "சியாங் பெய்" என்ற இசை நாடகத்தை, அவர் வழிவந்த இகுமா டான் என்ற இசை அமைப்பாளர் நிறைவு செய்தார். அது 1981-ம் ஆண்டில் மேடை ஏறியது. தீயில் தப்பிய வாத்திய இசை ஏடுகளையும் அறிஞர்கள் தேடி எடுத்தார்கள். 1912-ம் ஆண்டில் பெர்லினில் எழுதிய சிம்பனி, இந்த நூற்றாண்டில் ஒலித்தட்டாக வெளிவந்து உலகெங்கும் கேட்கிறது.

யமடா ஆசைப்பட்டது பெரிய குழுக்களுக்கும் பெரிய அரங்குகளுக்கும். அவை அவர் கைக்கு வந்து வந்து நழுவின. சிலவற்றைக் காலம் பறித்தது. சிலவற்றை அவரே கெடுத்துக்கொண்டார். ஆனால் கடனோடு கடற்கரை ஊரில் இருந்தபோது அமைத்த சின்ன மெட்டு ஒன்று, வாத்தியமும் வேண்டாமல், மண்டபமும் வேண்டாமல், தாய்மார் வாயில் வாழ்கிறது. குழந்தையை முதுகில் சுமந்து செல்லும் பெண் அதை முணுமுணுத்தால் போதும். அதுவே கச்சேரி.